கடலுக்கு வந்த வீடுகள்

1

சென்ற ஐப்பசியில் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். கோவளத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போகும் ஒரு மண் பாதையில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். "காரைக்குடியிலேர்ந்து தூணெல்லாம் வந்து எறங்கிடுச்சு. அத்தனையும் பர்மா தேக்கு. நீங்க வந்து பாத்துட்டு சொல்லுங்க, எங்க நிறுத்தலாம்னு."

போனேன். தார்ப்பாய்க்குக் கீழே ஆறு தூண்கள் படுத்திருந்தன. பக்கத்தில் கஜலட்சுமி செதுக்கிய ஒரு வாசல் நிலை. பின்னால் கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கான்கிரீட் பெட்டி, தட்டையான மொட்டைமாடி. கடலைப் பார்த்த சுவர் முழுக்க இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. தூண்கள் எங்கே நின்றாலும் அவற்றுக்குத் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. மேஸ்திரி அதை வெளிப்படையாகவே சொன்னார்: "பீம் போட்டாச்சு சார். இது சும்மா அழகுக்கு நிக்கப்போவுது. கீழ ஒரு பிளேட்டு, மேல ஒரு பிளேட்டு, அவ்ளோதான்."

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடனே எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு நாள் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாளில் பார்த்த பழைய வீடுகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஒன்று முட்டுக்காட்டில் இருக்கிற வீட்டு வரிசை. இன்னொன்று மாமல்லபுரத்தில் இருக்கிற ஒரு குடிசை. இரண்டிலும் யாரும் குடியில்லை.

2

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவாகப் போனவர்கள் நிறைய இருப்பார்கள். கிளி ஜோசியம், பானை வனைதல், மருதாணி என்று நினைவில் தங்கியிருக்கும். அதைக் கட்டடக்கலைப் படைப்பாக உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. 1984இல் தொடங்கப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை (மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்), டெபோரா தியாகராஜனின் முன்முயற்சியில் இதை உருவாக்கியது. மக்கள் பார்வைக்கு 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தின் அடிப்படை வடிவமைப்பு லாரி பேக்கருடையது. அதைக் கட்டி எழுப்பியவர் அவரது வழிவந்த பென்னி குரியகோஸ்.

இங்குள்ள முக்கியமான வீடுகள் மாதிரிகளல்ல. இடிபடப்போகும் நிலையிலிருந்த வீடுகளை வாங்கி, உத்தரம் உத்தரமாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்தே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து 1850ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு. இவற்றில் பெரும்பாலானவை கடலையே பார்த்திராத வீடுகள். இப்போது வங்கக் கடலின் உப்புக் காற்றில் நிற்கின்றன.

ஒரு வீட்டை இடம் மாற்றினால் அதில் எது மிஞ்சும்? இந்த வளாகத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

புதுப்பள்ளி வீட்டில் விடை எளிது. அந்த வீட்டின் மையம் நெல் வைக்கும் அறை. மரச்சுவர், மரத்தளம், மரக்கூரை, எல்லாம் பொருத்துக் கட்டு. ஆசாரி ஒன்றோடொன்று கோத்த முறையே அந்த வீடு. கோத்ததைக் கழற்றலாம், கழற்றியதைக் கோக்கலாம். ஆகவே அது இங்கேயும் முழுசாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் போய் அதன் தாழ்வாரத்தில் நின்றுபாருங்கள். சரிந்த ஓட்டுக் கூரை நம் இடுப்பளவு வரை மழையை வெளியே தள்ளிவிடுகிறது. சுவரில் ஒரு சொட்டு விழுவதில்லை. கேரளத்து மழைக்காகச் செய்த கணக்கு நம் வடகிழக்குப் பருவமழைக்கும் சரியாக வருகிறது.

செட்டிநாட்டு வீட்டின் கதை வேறு. நகரத்தார் மரபுக் கதை ஒன்று, அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. கடல் கொண்ட ஊரின் நினைவால்தான் வறண்ட உள்நாட்டுக்கு வந்த பிறகும் வீட்டை ஆளுயரத்துக்கு மேடுகட்டி அதன்மேல் நிறுத்தினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையோ, பின்னால் சொல்லிக்கொண்ட காரணமோ, அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு முட்டுக்காட்டில் அந்தத் திண்ணையில் உட்காரும்போது ஒருமாதிரி இருக்கிறது. கடலுக்குப் பயந்து ஓடியவர்களின் வீடு திரும்பவும் கடலுக்கே வந்திருக்கிறது.

அந்த வீட்டின் தூண்களைக் கவனித்தேன், நண்பரின் தூண்கள் மனதில் இருந்ததால். முற்றத்தைச் சுற்றி அவை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. முற்றத்துக்குக் கூரை இல்லை. ஆகவே சுற்றிலும் உள்பக்கமாகச் சரிகிற தாழ்வாரம் வேண்டும். அந்தத் தாழ்வாரத்தின் விளிம்பைத் தாங்கத் தூண் வேண்டும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, திண்ணையும் நடையும் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். தூணைப் பிடுங்கினால் தாழ்வாரம் விழும். தாழ்வாரம் போனால் முற்றம் வெறும் ஓட்டை. மரவேலையின் அழகெல்லாம் இந்தச் சங்கிலிக்குப் பிறகுதான் வருகிறது.

தட்சிணசித்ராவின் பெரிய சாதனை இதுதான். அது பழைய வீட்டின் சொற்களை மட்டும் அள்ளிக்கொண்டு வரவில்லை, இலக்கணத்தோடு கொண்டுவந்திருக்கிறது. பேக்கரின் பங்கும் இங்கேதான் தெரிகிறது. மாற்று வேடம் போட்ட 'பாரம்பரிய'க் கட்டடங்கள் எதையும் அவர் இடையில் நுழைக்கவில்லை. அலுவலகமும் கூடங்களும் எளிய செங்கல், ஓடு, நிழல். பழைய வீடுகளோடு அவை போட்டி போடுவதில்லை.

ஆனால் குறையும் உண்டு, அது சின்னக் குறையல்ல. ஒரு வீடு காற்றுக்கும் மழைக்கும் மட்டும் பதில் சொல்வதில்லை, அக்கம்பக்கத்துக்கும் பதில் சொல்கிறது. அக்ரகார வீடு நீளமாக, ஒடுக்கமாக இருப்பதற்குக் காரணம் இரண்டு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். அந்தத் தெருவுக்குள் யார் வரலாம், திண்ணை வரை யார், நடை வரை யார், கொல்லைப்புறமாக மட்டும் யார் என்பதும் அந்த வரைபடத்தின் பகுதிதான். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த வயல் ஒரு கட்டடக்கலை உறுப்பு. அதை லாரியில் ஏற்ற முடியாது. இங்கே வணிகர் வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு இரண்டு நிமிட நடை. அன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் அக்ரகாரத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அந்தத் திண்ணைப் பக்கமே வரமுடியாதவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் நிச்சயம் இருந்திருப்பார்கள். வரலாறாகப் பார்த்தால் அந்தக் காட்சி பொய். ஆனாலும் அதைக் கலைக்க எனக்கு மனம் வராது. வீட்டின் அழகைச் சொல்லித்தருகிறவர்கள் அந்தப் பிள்ளைகளிடம் திண்ணையின் கணக்கையும் சொல்லித்தர வேண்டும் என்று மட்டும் கேட்பேன்.

3

மறுநாள் மாமல்லபுரம். எல்லோரும் 'ஐந்து ரதம்' என்று சொல்லும் இடத்தில் வடகோடியில் இருப்பது திரௌபதி ரதம். ரதமுமல்ல, திரௌபதிக்கும் அதற்கும் தொடர்புமில்லை. பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. உள்ளே இருப்பவள் கொற்றவை. அவள் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கத் தயாராக மண்டியிட்டிருக்கிறான். வாசலின் இரு பக்கமும் காவலுக்குப் பெண்கள்.

முதலாம் நரசிம்மவர்மன் காலம் (630–668) என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், பின்னால் வந்த ராஜசிம்மன் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குச் சற்று முன்னால் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாக. அதுவரை கோயிலும் வீட்டைப்போல மரத்தாலும் செங்கல்லாலும்தான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கல்லுக்கு மாறியபோது சிற்பிகளிடம் கல்லுக்கென்று தனி வடிவம் இல்லை. தெரிந்த வீடுகளைத்தான் கல்லில் செய்தார்கள். பீம ரதத்தின் நீண்ட வளைகூரை மூங்கில் வளைத்துக் கட்டிய சாலை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் உறங்கும் யானையின் முதுகு. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் வரிசையாக இருப்பவை சின்னச்சின்ன வீடுகள். நம் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது நாம் இன்றும் பார்ப்பது அடுக்கிவைத்த வீட்டு வரிசையைத்தான். கூரை வளைவின் முகப்பு, கூடு என்ற பெயரில், வெறும் அலங்காரமாகக் கோயில் முழுக்க ஓடுகிறது.

இந்த வரிசையில் மேல்தளம், கூடு, சாலை எதுவும் இல்லாத ஒரே கட்டடம் திரௌபதி ரதம். சதுரத் தரை, நாலு சுவர், நாலு பக்கமும் குவிந்து சரிகிற கூரை. கூரை நேராகச் சரியவில்லை, பாரத்தில் தழையும் வைக்கோலைப்போல மெத்தென்று வளைந்து இறங்குகிறது. மூலைகளில் கூரையை இறுக்கிப் பிடித்த பட்டைகள்கூடக் கல்லில் கொடிவேலையாக வந்திருக்கின்றன. கருங்கல்லில் செய்த கீற்றுக் கூரை இது. வங்காளத்துக் குடிசையை ஞாபகப்படுத்துகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 'பங்களா' என்ற சொல்லே வங்காளத்துக் கூரை வீட்டிலிருந்து வந்ததுதான். கடற்கரைச் சாலையில் 'பீச் பங்களா' வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் தெரியாமல் ஒரு குடிசையின் பெயரைத்தான் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதை மழுங்கிய, பழைய, 'ஆரம்பகட்ட' வடிவம் என்று கடந்துபோவது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. பக்கத்தில், அதே மேடையில், அர்ஜுன ரதம் இரண்டு தளத்தோடு நிற்கிறது. சிற்பிக்கு மாடி செய்யத் தெரியாமலில்லை. தெரிந்தே, ஊரிலேயே எளிய வீட்டைத் தேர்ந்தெடுத்து அதைக் கொற்றவைக்குக் கொடுத்திருக்கிறான். அந்தக் குடிசையின் பீடத்தை யானைகளும் சிங்கங்களும் சுமக்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தக் குடிசையின் வாசல் மேற்கே. கடல் அதன் முதுகுக்குப் பின்னால். கடலைப் பார்த்து வாசல் வைத்தது சற்று வடக்கே உள்ள கடற்கரைக் கோயிலில், கிழக்கு நோக்கிய சிவன் சன்னதிக்கு. அந்தத் துணிச்சலின் விலையை அங்கே போனால் கையால் தடவியே பார்க்கலாம். உப்புக் காற்று சிற்பங்களின் முகங்களைக் கரைத்துவிட்டது. கல் போட்டுக் கரையைத் தடுத்து, சவுக்கு நட்டுக் காற்றைத் தடுத்துத்தான் இன்று அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கருங்கல்லுக்கே அந்த நிலை. கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பியை அந்த உப்பு எட்டிவிட்டால், கம்பி துருப்பிடித்து ஊதி, மேலே உள்ள பூச்சையே பிளந்துகொண்டு வெளியே வரும். பத்துப் பதினைந்து ஆண்டு வயதான கடலோர மாடிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

4

ரதங்களிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மீனவர் குப்பத்தில் டீ குடிக்க நின்றேன். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும், பக்கத்திலும், சவுக்குக் கழி நட்டுக் கீற்றுப் பந்தல் இறக்கியிருந்தார்கள். வலை, ஐஸ் பெட்டி, கயிற்றுக் கட்டில் எல்லாம் அங்கேதான். கட்டிலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"உள்ள படுக்கறதில்லியாம்மா?"

"மழ பேஞ்சா படுப்போம். மத்த நாள்ல உள்ள இருக்க முடியாது தம்பி. சாயங்காலம் ஆச்சுன்னா செவுரு அப்பிடியே அனல் கக்கும். பகல்ல குடிச்ச வெயில அது ராத்திரிலதான் துப்பும்."

"முன்ன கூரை வீடுதானா?"

"ஆமா. பனையோல. கூர இம்மாந்தான் இருக்கும்" என்று கட்டிலிலிருந்தபடியே தரையிலிருந்து நாலடி உயரத்தில் கையை நீட்டிக் காட்டினார். "குனிஞ்சுதான் உள்ள போவணும். காத்து மேலயே போய்டும், உள்ள பூராது. வருசத்துக்கு ஒருக்கா ஓல மாத்தணும், அது ஒண்ணுதான் கஷ்டம். ஆனா அந்த வூட்டுக்குத் திரும்பிப் போன்னு சொன்னா போவமாட்டேன். நெருப்பு பயம். அலைக்கு முன்னால அது நிக்கல."

இந்தக் கடைசி வரி எனக்கு முக்கியமாகப்பட்டது. பழைய வீட்டைப் பற்றி எழுதும் நம்மில் பலர் இதைச் சொல்வதில்லை. கூரை வீடு எரியும். ஒழுகும். ஒவ்வோர் ஆண்டும் உழைப்பைக் கேட்கும். புயலுக்குப் பணிந்து தப்பிக்கும், பேரலைக்குத் தப்பிக்காது. பெரியம்மா கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கூரையின் அறிவையும் சேர்த்துக் கட்டியிருக்கலாமே என்பதைத்தான் பந்தல் போட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தப் பந்தலை ஒரு கட்டடக்கலை விமர்சனமாகவே வாசித்தேன். என்னுடையதைவிடச் சுருக்கமானது.

அவர் சொன்ன தாழ்ந்த கூரையின் கணக்கைப் பொறியாளர்களும் சொல்கிறார்கள். நாலு பக்கமும் சரிந்த கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடப் புயலைத் தாங்கும். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் தட்டையாக மோத ஒரு முகம் கிடைக்காது. தாழ்வாரக் கூரையைத் தனியாகக் கட்டிவைத்தால், புயலில் அது பிய்த்துக்கொண்டு போனாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது. தட்சிணசித்ராவின் ஆந்திர வட்ட வீடு இதன் இன்னொரு வடிவம். மண்சுவர் வட்டமாக ஓட, கூரை கிட்டத்தட்ட தரையைத் தொடுகிறது, காற்றுக்குப் பிடிக்க மூலையே இல்லை. அந்த வளாகத்தின் பெரிய வீடுகளுக்கு நடுவே அதைப் பார்க்காமலே போய்விடுகிறோம். ஆனால் இந்தக் கரையின் பருவத்தோடு நேரடியாகப் பேசத் தெரிந்த வீடு அதுதான். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரத்துப் பக்கத்தில்தான்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீடு இருந்தது. நாட்டு ஓடு, இரண்டு பக்கத் திண்ணை, சின்ன முற்றம். பாகப்பிரிவினைக்குப் பிறகு இடிப்பது என்று முடிவானபோது, கதவையும் நிலையையும் வாங்க ஓர் ஆள் வந்தார். நான்தான் விலை பேசினேன். நல்ல விலை என்று அன்று சந்தோஷமாகவே இருந்தது. அந்தக் கதவும் இன்று எங்காவது ஒரு கடலோர வீட்டில், திறக்காத ஒரு சுவரில் சாய்ந்து நிற்கலாம். நண்பரின் தூண்களைப் பார்த்து நான் வாயடைத்து நின்றதற்கு அதுவும் காரணம். விற்றவனுக்கு வாங்கியவனைக் கேலி செய்ய உரிமை இல்லை.

5

கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக வீடு கட்டுவது நம் ஊரில் புதிய ஆசை. தவறான ஆசை என்று சொல்லமாட்டேன். தரங்கம்பாடியில் கடலோரத்துப் பழைய பங்களாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலைப் பார்க்க ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள்கூட அறைக்கும் கடலுக்கும் நடுவே அகலமான வராந்தாவை வைத்தார்கள். நிழலில் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்தார்கள். நாம் நடுவில் கண்ணாடியை வைக்கிறோம். காலை ஏழு மணிக்கே அதன் வழியாக வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு திரை போட்டு, ஏசி போட்டு, கடலை மறைத்துக்கொண்டு கடலோரத்தில் வாழ்கிறோம்.

நண்பருக்கு மூன்றாம் நாள் போன் செய்தேன். தூண்களை ஹாலில் நிறுத்தவேண்டாம் என்றேன். "அப்ப என்ன பண்றது? வித்துடவா?" என்றார். வேண்டாம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கடல் பக்கம், பத்தடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம் இறக்குங்கள், வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக. ஓடு போடுங்கள், காற்றுக்குத் தூக்காதபடி சாந்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அதன் விளிம்பை இந்த ஆறு தூணும் தாங்கட்டும். உப்புக் காற்றுக்கு வருஷா வருஷம் எண்ணெய் பூசவேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்ய முடியாதென்றால் வாங்கினவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வியூ கொறையுமே?" என்றார்.

"கொறையும். ஆனா அங்க உக்காந்து பாக்கலாம்."

யோசிக்கிறேன் என்றார். மேஸ்திரி மட்டும் அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். தாழ்வாரத்துக்குச் சரிவு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போய் அளந்துகொண்டு வாருங்கள் என்றேன். அப்படியே ஐந்து ரதத்துக்கும், வழியில் அந்தக் குப்பத்துக்கும்.